ஹரிணி என் விரலை எடுத்தபோது

தர்மபுரியில் ஒரு மருத்துவமனையின் நடையில் நாங்கள் காத்திருந்தபோது, என் மகள் ஹரிணி தரையில் குப்புறப் படுத்து, ஒரு தள்ளுநாற்காலியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. ஒரு சொல்லும் பேசியதில்லை.

அவள் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக்கூட எனக்குக் கூச்சம். "அப்பன் வாயத் தொறந்தாத்தான மவ தொறப்பா" என்று மச்சான் கேலி செய்யும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். அந்தப் பெருமையில் ஒன்றரை வருடம் வீணாகிவிட்டது. இதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் என் மனைவி செல்விதான் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும் நான் முந்திக்கொண்டேன்.

"ஏதாச்சும் வேணும்னா உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாளா?"

"ஆமாங்க மேடம். தண்ணி வேணும்னாலும் என் கைதான். வேற யாரு கையவும் தொட மாட்டா."

அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

ஆட்டிசம் என்றார் (பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வது; யாருடைய வளர்ப்பின் தவறும் அல்ல). சில குழந்தைகள் வேண்டியதை விரலால் சுட்டாமல், பக்கத்தில் இருப்பவர் கையை ஒரு கரண்டிபோல எடுத்துப் பயன்படுத்துவார்கள், அதுவும் ஓர் அடையாளம் என்று பொறுமையாக விளக்கினார். செல்வி அழுதாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என்மேல் வைத்த பாசம் என்று நினைத்திருந்தது அந்தத் தாளில் ஒரு கோடாகிவிட்டது.

வாரம் ஒருநாள் பயிற்சிக்குப் போனோம். அந்த அறைச் சுவரில் கூட்டைக் கிழித்துக்கொண்டு பட்டாம்பூச்சி வெளிவரும் படம் இருந்தது. நாங்கள் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். நூல் அறுந்து ஓட்டை விழுந்த கூட்டை எங்கள் சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். செல்விக்கு மட்டும் கேட்கும்படி அதைச் சொன்னேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

பயிற்சியாளர் என்னிடம் ஒன்று சொன்னார். ஹரிணி கையைப் பிடித்ததும் உடனே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவளே சுட்டிக் காட்டப் பழகட்டும் என்று. எவ்வளவு நேரம் பொறுப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையையே கொடுக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் முதுகுப்பக்கம் வந்து தேடினாள். சட்டையை இழுத்தாள். கத்தினாள். மருந்து கசக்கத்தான் செய்யும் என்று நின்றேன். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் வருவதையே விட்டுவிட்டாள். முக்காலியில் ஏறித் தானே தண்ணீர் எடுத்தாள். செல்விக்குச் சந்தோஷம். எனக்கு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் பயிற்சியாளரிடம் சொன்னேன். "கையே குடுக்காதீங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்? பொறுத்துக் குடுங்கன்னுதான சொன்னேன்."

வீட்டுக்கு வந்து நாள் முழுக்கக் கையை நீட்டிப் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாளைக் கடந்து போவதுபோல அவள் கடந்து போனாள். ஆட்டிசம் என்ற சொல்லை இப்போதுதான் கேட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோருக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கூச்சமாக இருந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள்.

எங்கள் ஊர் காரிமங்கலம் தாண்டி. புழு வளர்க்கும் மனைக்குள் வெளியாளை விட மாட்டோம். ஹரிணி அடுக்குகளைத் தள்ளிவிடுவாள் என்று அவளையும் விட்டதில்லை. அந்த முறை புழுக்கள் கூடு கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் இருந்தன. அப்போது ராத்திரி பகல் பார்க்காமல் மல்பெரி இலை தின்னும். ஆயிரக்கணக்கான வாய்கள் தின்னும் சத்தம் ஓலைக் கூரைமேல் தூறல் விழுவதுபோல இருக்கும்.

ஒரு மத்தியானம் தழை போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அவள் கடந்து போவதைப் பார்க்க முடியாமல் ஒளிந்திருந்தேன். வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை. தடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அசையவில்லை.

அவள் புழுவைத் தொடவில்லை. நாங்கள் தழையைக் குச்சியோடு வெட்டித்தான் பரப்புவோம். குச்சி நுனிகள் அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், என் ஒரு விரலைப் பிடித்து இழுத்தாள். தண்ணீருக்கு என்று எழுந்தேன். அவள் அந்தக் குச்சியின் நுனியில் என் விரலை வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

குச்சி அதிர்ந்துகொண்டிருந்தது.

மிக மெல்லியதாக, நாடிபோல. மேலே தின்கிற அத்தனை வாய்களும் அந்தக் குச்சி வழியாக என் விரலுக்குள் வந்துகொண்டிருந்தன. இருபது வருடமாகத் தழை வெட்டிப் போடுகிறேன். இது எனக்குத் தெரியாது.

அவள் எதுவும் கேட்கவில்லை. குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

அடுத்த முறை தர்மபுரி போனபோது மருத்துவரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவ எதையும் எடுத்துக்க உங்க கையைப் பிடிக்கலைங்க. உங்களுக்குக் காட்டியிருக்கா." இதற்கு இணைக் கவனம் என்று பெயராம் (ஒன்றை இருவர் சேர்ந்து கவனிப்பது). சில பிள்ளைகளுக்கு அது வர வருடக்கணக்காகும் என்றார். பேச்சு எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தப் பதில் அன்று என்னை ஒன்றும் செய்யவில்லை.

செல்வி புழுக்களோடு இருந்ததால் நானும் ஹரிணியும் மட்டும்தான் பேருந்தில் திரும்பினோம். சன்னல் கம்பியில் கன்னத்தை வைப்பது அவள் வழக்கம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எப்போதும் இழுத்து நிமிர்த்திவிடுவேன். அன்று அதே கம்பியில் நானும் கன்னத்தை வைத்தேன். வண்டியின் இரைச்சலும் சாலையின் மேடுபள்ளமும் தாடைக்குள் புகுந்தன. பல்லெல்லாம் அதிர்ந்தது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"ஏங்க, உங்க ஸ்டாப்பு போயி ரெண்டு ஸ்டாப்பு ஆச்சு. அப்பனும் மவளும் தூங்கிட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

இறங்கித் திரும்பி நடந்தோம். தழை போடும் நேரம் தப்பியிருந்தது. வழியெல்லாம் கம்பிவேலிக்கு நட்ட கற்கள். ஹரிணி ஒவ்வொன்றிலும் நின்று கன்னத்தை வைத்தாள். அவளுக்குப் பிறகு நானும் வைத்தேன். சில கற்கள் சும்மா இருந்தன. சிலவற்றில் என்னவோ இருந்தது.