டெய்லர் தைத்த வளையம்

சட்டைக்குக் கழுத்துப்பட்டை வைப்பதில் டெய்லரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பேரெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதித்தது. காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கடையின் கடைசி விளக்கை அணைக்கும்போதுதான் எழுந்திருப்பார். டீகூட மிஷின் பலகைக்கே வந்துவிடும். அவர் மனைவி வீட்டிலிருந்தபடி அதே கடைத் துணிகளுக்குக் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள். ஒரு சட்டையில் இரண்டு பேர் கையும் பட்டிருக்கும். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதுதான் அபூர்வம்.

ஒருநாள் கடைப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சோதித்துப் பார்த்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொல்லாமல் கொள்ளாமல் குடிவந்திருந்தன.

"நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா உடம்பு எப்படிங்க தாங்கும்?" என்றார் டாக்டரம்மா.

"மிஷின் மிதிக்கிறேனே மேடம், காலு ஓயறதே இல்ல."

"காலு ஓயல சரி. ஒரு அடியாவது நகர்ந்திருக்கீங்களா?" டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கூட வந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தார். "பாத்துக்கம்மா, இப்படியே விட்டா ஆள் மிஞ்ச மாட்டார். நெஞ்சுலயோ தோள்லயோ கையிலயோ வலின்னா மறுநாள்னு தள்ளிப் போடாம கூட்டிட்டு வா."

அதை அவள் மனதில் முடிந்துகொண்டாள். முதலில் நடக்கத்தான் அனுப்பினாள். இரண்டாம் நாளே பாதி வழியில் திரும்பி வந்து, "தனியா நடந்தா வழி தொலைச்சவன் மாதிரி இருக்குடி" என்று காலை நீட்டிவிட்டார். அவள் யோசித்தாள். மாடியில் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. அதையே வலையாக வைத்து வளையம் எறிந்து விளையாடினால் என்ன?

டெய்லர் பேண்ட் துணியில் குழாய் போலத் தைத்துக் கொடுத்தார். அவள் வெட்டுத்துணிகளைத் திணித்து, வளையமாக வளைத்து, வாயை மூடித் தன் பொடித் தையலால் முடித்தாள். கனத்துக் கிடந்ததைத் தூக்கிப் பார்த்த டெய்லர், "ஏண்டி, இது விளையாடவா, என்னைத் தீர்த்துக்கட்டவா?" என்றார்.

அவரும் மூன்றாவது படிக்கும் மகள் சின்னவளும் கொடிக்கு ஒரு பக்கம். அவளும் மகன் பெரியவனும் மறுபக்கம். தோற்ற பக்கம் காய்ந்த துணியையெல்லாம் மடிக்க வேண்டும் என்பது சட்டம்.

"அப்பா கோட்டத் தாண்டிட்டாரு!" என்று பெரியவன் கத்துவான்.

"கோடு போட்ட சாக்கட்டி யாரோடதுடா? அப்போ கோடு எங்க இருக்குன்னு நான்தான் சொல்வேன்."

"அழுகுணி ஆட்டம்ப்பா இது!"

எந்நேரமும் போனும் கையுமாக இருந்த பெரியவன், சாயங்காலமானால் எல்லோருக்கும் முன்னால் மாடியில் நின்றான். அவளுக்கும் முதுகுப் பிடிப்பு விட்டது. டெய்லருக்குச் சர்க்கரை இறங்கியது. சீக்கிரம் கிளம்புகிறார் என்று முதலாளி முணுமுணுத்தபோது, "மத்த நேரமெல்லாம் உங்களுதுதான் முதலாளி, சாயங்காலத்த மட்டும் என் புள்ளைங்களுக்கு விட்டுடுங்க" என்றாராம்.

மழை ஓய்ந்து மறுபடி மாடிக்கு ஏறிய சாயங்காலம், வளையம் அவள் கைக்குச் சும்மா காகிதம் போல வந்தது. திருப்பிப் பார்த்தாள். வாயை மூடியிருந்த கைத்தையல் அவளுடையதல்ல. கொஞ்சம் அகல அகலமாக விழுந்திருந்தது. உள்ளே வெட்டுத்துணி இல்லை, பஞ்சு.

"என்னங்க, பிரிச்சீங்களா இத?"

"சின்னவளுக்குக் கை வலிக்குதாம். குழந்தை பாவம், எத்தனை நாள் அந்தக் கல்லைத் தூக்குவா?"

சின்னவள் அப்போது கீழே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். மனைவியும் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் அன்று வலக்கையாலேயே பிடித்தார், வலக்கையாலேயே எறிந்தார், இடக்கையைத் தூக்கவே இல்லை. அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பிள்ளைமேல் இத்தனை பாசமா என்று பூரித்துக்கூடப் போனாள்.

அடுத்த வாரம் கடையில், ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின்மேல் சாய்ந்துவிட்டார். ஊசி துணியிலேயே குத்தி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வந்தவர்கள் போன பிறகு வீட்டில் பேச்சே இல்லை. பெரியவன் மறுபடி போனுக்குள் புகுந்துகொண்டான். அவள் காஜா எடுக்க வேண்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சின்னவள் வளையத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"கை வலி இப்போ தேவலையா கண்ணு?"

"எனக்கு எப்போம்மா கை வலிச்சுது?"

"அப்பாகிட்ட சொன்னியே?"

"நான் சொல்லவே இல்லையே. அப்பாதான் தோளத் தேச்சு விடச் சொல்வாரு. அம்மாகிட்ட சொல்லாத, டாக்டரம்மா விளையாடக் கூடாதுன்னுடுவாங்கன்னாரு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள். அடுத்தவர் தையலை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும் கண், அந்தத் தையல் எதற்கு என்று பார்க்கவில்லையே. பிழைக்கட்டும் என்றுதான் அவரை மாடிக்கு ஏற்றினாள். அந்த மாடியை விட மனமில்லாமல்தான் அவர் வலியை மறைத்தார். யாரைப் போய் நோவது?

திரும்பி வந்தபோது சின்னவள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். "சொல்லியிருக்கணுமாம்மா?"

"இல்லடி தங்கம். நீ ஒண்ணுமே பண்ணல." அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். குழந்தை குலுங்கிக் குலுங்கி அழுது தீர்த்தது.

மறுநாள் அவள் வளையத்தின் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். அவருடைய அகலத் தையலை மட்டும் தொடவில்லை. பஞ்சை எடுத்துவிட்டுப் பழையபடி வெட்டுத்துணி திணித்தாள். சாயங்காலம் பெரியவன் கையிலிருந்த போனை வாங்கி வைத்தாள்.

"மாடிக்கு வாங்க."

"எனக்கு வேணாம்மா."

"வேணாம்னா நின்னு பாரு. ஆனா வா."

கொடியில் டெய்லரின் சட்டை எதுவும் காயவில்லை. அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. மூன்று பேர் எப்படிப் பக்கம் பிரிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பெரியவனே எதிர்ப்பக்கம் போய் நின்றான். சின்னவள் எறிந்தாள். யாருமே கத்தவில்லை, யாரும் கோட்டுக்குச் சண்டை போடவில்லை. வளையம் கையில் வந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் ஆனதும் பெரியவன் நிறுத்தினான். "அம்மா, மூச்சு வாங்குதே. எங்கயாவது வலிக்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா, தோள் வலிக்குது" என்றாள். "கொஞ்சம் உட்காரலாம். மூச்சு அடங்கினதும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துடலாம்."

மூன்று பேரும் கொடிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.