திருப்பிக் கொடுத்த லில்லி

போடிமெட்டு எஸ்டேட் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர் அவர். ஒடிசலான உடம்பு, நிறம் வெளுத்த காக்கி ஸ்வெட்டர். அவர் அங்கே வளர்த்த லில்லி ஒரே நாளில் பூத்து வாடிவிடும். முந்தின நாள் பூக்களைக் கிள்ளி எடுத்த பிறகுதான் காலைத் தேநீரைத் தொடுவார்.

என் மகனுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வராத வருடம் அது. அவர் வேரோடு தோண்டித் தந்த லில்லித் தூரை என் வீட்டு வாசலில் நட்டிருந்தேன். இதழ்கள் சிலந்திக்கால் போல மெலிந்து முறுக்கிக்கொண்டு விரிந்தன. மகனை இடுக்கிக்கொண்டு செடியோடு அவரிடம் ஓடினேன்.

"எரு கொறைஞ்சிருச்சோ அண்ணே? இல்ல, தண்ணி கூடிருச்சோ?"

"ஒரு கொறையும் இல்ல தாயி. இதோட வாகே இப்படித்தான்."

"பாக்குறவங்க என்னையத்தான சொல்வாங்க? வட்டமாப் பூக்குறதாக் குடுங்க."

வேறு தூர் தோண்டித் தந்தார். என்னுடையதை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டு வாசலில் நட்டு, இரு கைகளாலும் மண் அணைத்தார். அங்கே அதே மாதிரி ஏழெட்டுச் செடிகள் பூத்திருந்தன.

"இதெல்லாம் ஏது அண்ணே?"

"உங்கள மாதிரி திருப்பிக் கொண்டாந்ததுதான்."

மகன் அவற்றை நோக்கிக் கை நீட்டினான். நான் வட்டப் பூச்செடியோடு திரும்பிவிட்டேன்.

மகன் பிறகு நடந்தான், ஒரு பக்கம் சாய்ந்த நடை. தெருவில் யாராவது அவனை உற்றுப் பார்த்தால், நான் திருப்பிக் கொடுத்த செடிக்கு மண் அணைத்த அவருடைய கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.