விசா வைரவர்

பூங்காவின் கடைசியில், லிண்டன் மரவரிசை முடிகிற மூலையில் ஒரு கல் சிறுவன் நின்றான். காலடியில் ஒரு நாய். கையிலிருந்த ஈட்டி பாதியில் முறிந்திருந்தது. பிஷப்பாகவும் அரசனாகவும் இருந்த ஒருவன் இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் தன் பரோக் மாளிகைக்காகச் செதுக்குவித்த வேட்டைக்காரப் பையன் அவன். அகதியாக வந்த யோகத்துக்கு அவன் வைரவர்.

பெயர் வைத்தது அவளல்ல. அவள் வருவதற்கு முன்பே மாளிகை பல பேரைக் கண்டிருந்தது. படைக்காரர் தங்கினார்கள், போரில் காயப்பட்டவர்கள் படுத்துக் கிடந்தார்கள், வரி அலுவலகம் வந்து போனது. எண்பத்தாறில் குதிரைலாயப் பக்கத்தை அகதிகள் தங்கும் ஹைம் ஆக்கினார்கள். யோகமும் கணவரும் அங்கே ஒரு அறையில் ஒதுங்கினார்கள். முதல் இலையுதிர் காலத்தில் ஹைமில் இருந்த தமிழ் ஆட்கள் சிலர் பூங்காவைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, நாயைக் கண்டதும் ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

"இது எங்கட வைரவர் எல்லே! சூலம்தான் முறிஞ்சு போச்சு."

"உடுப்பில்லாமல் நிக்கிறார், குளிராதோ?"

"அவர் எங்க உடுத்தவர்?"

யோகத்தின் கணவர் கடைசியாகச் சொன்னார்: "அசூல் அடிச்ச வைரவர். எங்களைப் போலத் தஞ்சம் கேட்டு வந்து நிக்கிறார். விசா குடுப்பாரோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பொதுக் குசினியில் உளுந்து ஊறியது, வடைமாலை விழுந்தது, நல்லெண்ணெய்க் காப்பு நடந்தது. எலி வரும் என்று ஹைம் பொறுப்பாளன் கத்தினான். காலப்போக்கில் ஒவ்வொருவராக விசா கிடைத்து வேறு வேறு நகரங்களுக்குப் போனார்கள். வைரவருக்கு யோகம் மட்டும் மிஞ்சினாள்.

அவளுடைய நேர்த்திக்கடன் வேறு. வரும்போது மூன்று வயது மகன் அனுஜனை ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் ஏற்றுவேன் என்றான். பிள்ளையைப் பிறகு கூப்பிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூப்பிட முடியவில்லை. விசா இல்லாதவர்கள் பிள்ளையைக் கூப்பிட ஏலாது என்றது ஜேர்மனி. விசா வந்தபோது போரால் ஊரை விட்டு வெளியேறும் பாதை பூட்டியிருந்தது. தொலைபேசியில் அனுஜன் பாட்டியை அம்மா என்றான், யோகத்தை ஜேர்மன் அம்மா என்றான். அவன் வந்து சேர்ந்தால் நூற்றெட்டு வடையில் மாலை போடுவதாக யோகம் வைரவரிடம் சொல்லி வைத்தாள். இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி மாதத்தில், வன்னியில் அவனைக் கண்டதாகச் சொன்னவர்களும் காணாமல் போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

கணவர் நெஞ்சுநோவில் போனார். யோகத்துக்கு அதே மாளிகையில் துப்புரவு வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை வேலை தொடங்க முன் மூலைக்குப் போவாள். சின்ன விளக்கைக் கொளுத்தி வைத்து, சிறுவனின் தலையிலிருந்து எண்ணெய் வழிய விட்டு, முகத்தில் தடவி விடுவாள். லண்டனில் இருக்கும் கொழுந்தன் வருடா வருடம் போன் எடுத்துச் சொல்வார்.

"மச்சாள், ஒரு திவசத்தையாவது செய்யுங்கோ. பிள்ளை அந்தரிச்சுத் திரியும்."

"விளக்கு எரியுது. அவன் இருக்கிறான்" என்று போனை வைத்துவிடுவாள்.

அவளோடு வேலை செய்த பேர்பெச்சுவா அக்கா கத்தோலிக்க வேதக்காரி. அவளுக்கு இதெல்லாம் பகிடி.

"அடியே, அது எங்கட சம்மனசுப் பிள்ளை, தேவதூதன். செட்டை உடைஞ்சதால உனக்கு அடையாளம் தெரியேல்லை."

"சம்மனசு நாய் வளக்குமோ அக்கா?"

"வளக்கும். உன்ரை எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு அந்த நாயும் கொழுத்துப் போச்சு."

மாளிகையில் திருத்த வேலை தொடங்கியதும் பூங்கா முழுவதையும் கிண்டினார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்துப் பாதைகளையும் முழங்கால் உயர வேலிச்செடிகளையும் மீண்டும் வைத்தார்கள். திருத்த வேலையைக் கவனித்த அலுவலகத்தில் யோகத்தின் மகள் வேணுஜாவுக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. இங்கே பிறந்தவள், அந்தக் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். கலை வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு யோகம் இப்போதுதான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். வேணுஜாவுக்கே அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. தன்னை எடுத்தது படிப்புக்காகவா, அலுவலகப் படத்தில் நிற்க ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டதாலா என்று ஒருநாள் கேட்டாள். யோகம் கோப்பையை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வேணுஜா சாப்பிடாமல் கோப்பையில் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மூலையில நாயோட நிக்கிற சிலை. ஆரோ அதுக்கு வருஷக்கணக்கா எண்ணெய் ஊத்தியிருக்கினம். மணற்கல் மூச்சு விட வேணும். எண்ணெய் மேல்பக்கத்தை அடைச்சுப் போட்டுது. உள்ளுக்குப் போன தண்ணி வெளியில வர ஏலாமல், பனிக்கு உறைஞ்சு உறைஞ்சு தோலைத் தள்ளுது. எண்ணெய் படாத மற்றச் சிலையள் நல்லா இருக்கு."

யோகம் கையைக் கழுவ எழும்பினாள்.

"ஹைமில இருந்த அகதியள் செய்த நாசவேலை எண்டு அறிக்கையில எழுதச் சொல்லுகினம். நானும் எழுதிப் போட்டன். இப்ப ஒரு மாதிரி இருக்கு. நீங்கள் அங்க இருந்தனீங்கள்தானே, ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"வாற வெள்ளி தூக்கிக்கொண்டு போயினம். களஞ்சியத்தில வைச்சிட்டு, அச்செடுத்துப் புதுசு வைப்பினம்."

அன்றிரவு யோகத்துக்குப் படுக்கை கொள்ளவில்லை. பிள்ளைக்கு வைத்த எண்ணெய் பிள்ளையைத் தின்றதாக இருக்குமா? வாழ்நாள் முழுக்க அவள் கழுவித் துடைத்தவள். அழுக்கென்றால் போகும். எண்ணெய் முழுக்காட்டினால் தலையைக் கழுவி விட வேண்டும். இவ்வளவு காலமும் அவள் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு கழுவாமல் விட்டிருந்தாள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

வெள்ளி காலை துப்புரவு அறையில் வாளியில் சுடுதண்ணீர் பிடித்தாள். தமிழ்க் கடைச் சீயாக்காயைக் கரைத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. தலையில் ஊற்றி, பிடரியைத் தேய்த்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டாள். மூன்று வயதில் அனுஜன் சீயாக்காய்க்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்துவான். "கொஞ்சம் பொறு ராசா, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே கன்னத்தைத் தேய்த்தாள்.

முகம் கழன்றது. காய்ந்த புண்ணின் பொருக்குப் போல, நெற்றி முதல் நாடி வரை ஒரே துண்டாக வந்து அவளுடைய உள்ளங்கையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் மஞ்சள் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் மணத்தது.

"யோகம், என்னடி செய்து போட்டாய்!" பேர்பெச்சுவா அக்கா தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாரந்தூக்கி வண்டியோடு வேணுஜாவும் கல் திருத்துகிற பெண்ணும் வந்தார்கள். வாளியையும் விளக்கையும் யோகத்தின் கையையும் பார்த்த வேணுஜாவுக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பெண் இது யார் என்று ஜேர்மனில் கேட்டாள். வேணுஜா கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள், என் அம்மா என்று. பெண் துண்டை மெதுவாக வாங்கிப் பஞ்சில் வைத்தாள். தூக்கும்போது எப்படியும் விழுந்திருக்கும் என்றாள். அது உண்மையா, இரக்கமா, யோகத்துக்குத் தெரியவில்லை.

"திருப்பி ஒட்டலாமோ எண்டு கேள் பிள்ளை."

வேணுஜா கேட்கவில்லை. "ஏலாது அம்மா. பின்னுக்கு ஒட்டுறதுக்குக் கல்லில்லை."

சிறுவனையும் நாயையும் பட்டியால் கட்டி மரப்பெட்டியில் இறக்கினார்கள்.

பின்னேரம் வேணுஜா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசை முன்னால் இருந்தாள். நேர்த்திக்கடன் கதையைப் பேர்பெச்சுவா அக்கா அவளிடம் சொல்லியிருந்தாள்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"உன்ரை வேலைக்கு ஏதும் வந்திடும் எண்டுதான்."

"எனக்கு அண்ணா ஒரு ஆள் இருக்கிறார் எண்டதை நீங்கள் ஒழுங்கா இருத்திச் சொன்னதில்லை. கல்லுக்குச் சொல்லியிருக்கிறியள்." வேணுஜா அழவில்லை. "நாசவேலை எண்டதை அழிச்சுப் போட்டன். என்ன எழுதுறது?"

"ஒரு தாய் எண்டெல்லாம் எழுதாதை. கண்டவையும் வாசிப்பினம். ஆக்கள் கும்பிட்டவை எண்டு எழுது, அது போதும்."

வேணுஜா எழுதினாள். அலுவலகத்தில் அதை வைத்திருப்பார்களோ வெட்டுவார்களோ, அவளுக்கும் தெரியாது.

யோகம் குளித்துவிட்டு வந்து கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். மகனுக்குத் திவசம் செய்ய வேண்டும் என்றாள். இத்தனை வருடமும் வாயில் வராத சொல் இடறாமல் வந்தது. மகன் இறந்த திதியை ஐயர் கேட்டார். திகதி தெரிந்தால் சொல்லுங்கோ, நான் பார்த்துச் சொல்லுறன் என்றார்.

போரின் கடைசி மாதத்தில் இன்ன நாள் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

"இண்டைக்கு எண்டு வையுங்கோ ஐயா" என்றாள்.