அடித்தோலில் இருந்த வருஷம்

கோவையில் ஒரு பெரியவர் வீட்டு முன்னறையில் அன்று நான்கு பேர் இருந்தோம்: அவர், அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, நான். நாங்கள் விற்கக் கொண்டுபோன பூட்ஸுக்குச் சொந்தக்காரரான அப்பா வரவில்லை. திருப்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தம் துப்பிக்கொண்டு கிடந்தார்.

அப்பா பர்மா சண்டையில் ரோடு போடும் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்து பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். நெஞ்சுச் சளி என்று நாங்கள் விட்டுவைத்தது காசநோயாகிவிட்டது. ஊசி மருந்தை வெளியில்தான் வாங்க வேண்டும், பத்து நாளுக்குள் ஆரம்பிக்காவிட்டால் ஒரு பக்கத்து நுரையீரல் தங்காது என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் கழுத்தில் அப்போது மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

நயா பைசா வந்த புதிது அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அதே கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தேன். முதலாளி மேஜைமேல் கிடந்த பேப்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சண்டைக்காலத்துச் சாமான் சேர்க்கும் கோவைப் பெரியவர் ஒருவர் பட்டாளத்து பூட்ஸ் வேண்டுமென்று கேட்டிருந்தார். ஒரு கார்டு போட்டேன். பட்டாளத்துச் சாமானுக்குச் சர்க்கார் குத்தும் அம்புக்குறியும் வருஷமும் இருக்கிறதா பாருங்கள் என்று பதில் வந்தது.

அப்பாவின் பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கி, அடியில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினேன். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில், ஆணி அடிக்காத இடத்தில், தோலை அழுத்திப் பதித்திருந்தார்கள்: ஒரு அம்பு, அளவு, 1943. அதை எழுதியனுப்பினேன். அப்படியானால் இருநூறு ரூபாய், நேரில் கொண்டுவாருங்கள் என்று எழுதினார் பெரியவர். ஊசி ஆரம்பிக்க அது போதும். அன்றைக்குத்தான் அம்மா இரண்டு வாய் சோறு தின்றாள்.

மாமா காங்கேயத்தில் மாட்டுத் தரகர். நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்து, "நானே கட்டிக் கொண்டாந்தர்றேன்" என்று பூட்ஸை அம்மாவிடம் வாங்கிப் போயிருந்தார். கோவைக்குப் பஸ் ஏறும்போது சாக்கில் வைத்துத் தைத்தே கொண்டுவந்தார். பெரியவர் தையலைப் பிரித்ததும் விளக்கெண்ணெய் வாடை வந்தது. பூட்ஸ் மின்னியது. அவர் அதைத் திருப்பினார். அடியில் புதுத் தோல், புது ஆணி.

"பாரு மாப்ளே, பல்லப் புடிச்சுப் பாக்கறாரு," என்று மாமா என் காதில் சிரித்தார்.

"பழைய அடித்தோல் எங்கீங்க?" என்றார் பெரியவர்.

"மாத்திப் போட்டனுங்க. பெரிய மனுசரு கையில பிஞ்சதயாங்க குடுக்கறது? சந்தைக்கு மாட்டப் புடிச்சா, கொம்பு சீவி லாடங்கட்டித்தானுங்க புடிப்போம்."

"மாட்டுக்கு வயசு எதுல பாப்பீங்க?"

"பல்லுலதானுங்க."

"இதுக்குப் பல்லு அடியிலதாங்க இருந்துது."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் கோபப்படவில்லை. பூதக்கண்ணாடி எடுத்து உள்பக்கம் தேடினார். அங்கே மையில் ஏதும் குத்தியிருந்தால்கூட எண்ணெய் குடித்துவிட்டது. மேல்தோலும் தையலும் சண்டைக்காலத்தது போலத்தான் தெரிகின்றன, ஆனால் இதே மாதிரியைப் பின்னாலும் தைத்திருக்கிறார்கள், போலீசுக்கும் கொடுத்திருக்கிறார்கள், வருஷம் இல்லாமல் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"எம் பையன் கண்ணால பாத்துத்தானுங்க எழுதுனான் சாமி. பொய் சொல்ற பையன் இல்லீங்க," என்றாள் அம்மா.

"தெரியும்மா. அந்தத் தோலைக் கொண்டு வாங்க. அதே விலை தர்றேன்."

அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நானும் மாமாவும் காங்கேயத்துக்கு ஓடினோம். செருப்புத் தைப்பவர் தோல் குவியலைக் கொட்டிக் காட்டினார். எங்கள் பூட்ஸின் முன்பாதமும் குதியும் அதில் கிடந்தன, ஆணி ஓட்டைகளோடு. நடுப்பாகம் மட்டும் இல்லை.

"ஓட்டையில்லாத எடம் அதொண்ணுதானுங்களே. தண்ணி எறைக்கற தோல்பறிக்கு ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டனுங்க. நாலா வெட்டி ஊசி போட்டாச்சுங்க."

யாருடைய பறி என்று கேட்டுக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கும் போனோம். பறி கிணற்றுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் மாட்டை நிறுத்திக் காட்டினார். ஊறி உப்பிய தோலில் என் விரலுக்கு அம்பும் தட்டவில்லை, எழுத்தும் தட்டவில்லை.

மாமா வாய்க்காலோரம் குந்திவிட்டார். "உங்கொப்பனுக்கு நானே எமனாயிட்டனே மாப்ளே," என்றார்.

அவரிடம் சொந்தமாக ஒரு ஜோடிக் காளை இருந்தது. சந்தை நாளுக்குக் காத்திருக்க முடியாது. அவர் அவசரம் தெரிந்தே ஒருவர் வந்து பாதி விலைக்குப் பிடித்துப்போனார். அந்தக் காளைகளுக்கு மாமா கொம்பும் சீவவில்லை. எல்லாம் கைகூடி முதல் ஊசி போடும்போது டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிட்டது. ஒரு பக்கத்து நுரையீரல் போனது போனதுதான். அப்பா பிழைத்தார், மிஷின்முன் நிற்க மட்டும் அவரால் முடியவில்லை.

மருந்து, பஸ், அடித்தோல் மாற்றிய கூலி எல்லாம் சேர்த்து, காளை விற்ற காசில் ஆனது நானூற்றுப் பதினெட்டு ரூபாய்; பூட்ஸ் புது அடித்தோலோடு மறுபடி பரணேறியது.