லீடு தேடிய பெடல்

சுருதி சேர்த்தாயிற்று. ஆனாலும் லீடு விடமாட்டார். கடைசிக் கம்பியை ஒரு மயிரிழை தளர்த்தி, திரும்ப இழுத்து, "இப்ப சரி" என்பார். அது அவருடைய கிதார்கூட இல்லை, கடையில் விற்பனைக்கு வைத்திருப்பது. மூன்று வாரமாகச் சனிக்கிழமை காலையில் இதே கடை, இதே முக்காலி. கடைக்கார அம்மாள் இவர் தலையைப் பார்த்ததுமே கிதாரோடு இணைக்கிற பெடல்களை எடுத்துத் தரையில் பரப்பிவிடுகிறாள்.

தொழிலுக்கு லிஃப்ட் மெக்கானிக். கதவில் காதை வைத்து, "மூணாவது மாடி தாண்டும்போது முனகுது பாருங்க, பேரிங் போச்சு" என்று சொன்னால் பேரிங் போய்த்தான் இருக்கும். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஓர் ஓட்டல் கூடத்தில் ஐந்து பேர் இசைக்குழுவில் லீடு கிதார், அதாவது மெட்டை முன்னின்று வாசிக்கும் கிதார். பதினெட்டு வருஷமாக 'லீடு' என்பதுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மனைவியே, "லீடு, பால் பொங்குது, அடுப்ப அணைங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த நல்ல பிழைப்பில் மண்ணைப் போட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். ஆறு மாதம் முன்பு இரண்டாவது கிதாருக்கென்று வந்து சேர்ந்தார். லீடு வாசிக்கும் வரிக்கு மேலே, அதை ஒட்டியே இன்னொரு வரி வாசிப்பார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அந்த இடம் வந்தால் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கைதட்டினால் மனிதர் இவர் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் அண்ணன்தான்" என்கிறார். திமிர் பிடித்த ஆளாக இருந்தாலாவது ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இந்த அடக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லீடுக்கு வயிறு எரிகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மனைவி துணி மடித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். இவர் காதை யாரும் ஏமாற்ற முடியாது. அது குழுவின் பாட்டுதான். ஆனால் அவள் முணுமுணுத்த வரி வாத்தியாருடைய வரி.

"என்ன பாடுற?"

"தெரியலங்க. ஏதோ வாயில வந்துச்சு."

"வேற எதுவும் வராதா உன் வாயில?"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்த ஹார்மனைசர் பெடல். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும். நாம் ஒரு சுரம் வாசித்தால் அதற்கு இசைவான இன்னொன்றைத் தானே சேர்த்து ஒலிக்கும். ஒரே ஆள், இரண்டு கிதார். நேற்றே குழுத் தலைவரிடம் வாயை விட்டுவிட்டார்: "இனிமே வாத்தியார் வேண்டாம். ரெண்டையும் நானே வாசிச்சுக்கறேன்." தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கு சாயங்காலம் வாசிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். ஆக, இன்று வெறுங்கையோடு திரும்ப முடியாது. அதற்குக் காவலாக மனைவியும் கூடவே வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் பெடலில் இரண்டு சுரமும் சண்டை போட்டன.

"பாட்டு எந்த ஸ்கேல், எந்தக் கட்டைன்னு இந்தத் திருகுல வைக்கணும் சார்" என்றாள் கடைக்கார அம்மாள்.

"ஸ்கேல் எதுக்கு? கை தானா போகும்."

"உங்க கை போகும். அதுக்குத் தெரியணுமே!"

பதினெட்டு வருஷத்தில் லீடு எந்தப் பாட்டுக்கும் ஸ்கேல் பெயர் கேட்டதில்லை. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் வாத்தியார். ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார், அதுவும் சந்தோஷமாகச் சொல்லுவார். செத்தாலும் கேட்கமாட்டார் லீடு. திருகை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, லிஃப்டுக்குக் காது வைப்பதுபோல் குனிந்து குனிந்து, பன்னிரண்டில் ஒன்பதாவதில் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு, "சளி பிடிச்ச குரல்" என்று அந்தப் பெடலையே ஒதுக்கினார். இரண்டாவது பெடல் எல்லாவற்றையும் யோசித்து யோசித்துத் தாமதமாகச் சொன்னது. அதுவும் போயிற்று.

மூன்றாவது பெடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் கம்பியை இழுத்தால் அதுவும் இழுத்தது, இவர் நின்றால் அதுவும் நின்றது. வாத்தியார் வாசிக்கும் அதே வரி, வாத்தியார் இல்லாமல். லீடுக்கு முகமெல்லாம் பல். மனைவி பக்கம் திரும்பி, "எப்படி?" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா! மேல ஒண்ணு கேக்குதே, அதுதாங்க உயிரே. என்னமா வாசிக்குது!"

"வாசிக்கிறது நான்."

"நீங்கதான், யாரு இல்லேன்னா? நான் அந்த மேல வர்றதச் சொன்னேன்."

"இதையே கட்டிடட்டுமா சார்?" என்று கடைக்கார அம்மாள் அட்டைப்பெட்டியை எடுத்தாள்.

லீடு அதே வரியை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மனைவி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். வாசித்துக்கொண்டே அவர் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, இரண்டாவது குரலின் ஒலியளவுத் திருகைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார், தன்னுடைய கிதார் மட்டும் கேட்கும்வரை.