இடுப்பில் விழுந்த வெயில்

நடவு வயலில் வரப்பிலிருந்து மூன்றாவது இடம் இருதயம்மாளுடையது. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் குனிகிறாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இப்போது பாதி வயலை மிஷின் நட்டுவிடுகிறது. மிஷின் இறங்க முடியாத சேற்று வயல்தான் கைநடவுக்கு மிச்சம். குறுவைக்கு மொத்தமே பதினைந்து நாள் வேலை. ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள், பிறகு அது அந்த வேறொருத்தியின் இடம். அதனால் இடுப்பு இற்றுப் போகிற வலியிலும் இருதயம்மாள் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை.

இந்த வருஷம் அக்காள் மகன் ரெமிஜியஸ் மலேசியாவிலிருந்து வலிக்குத் தடவும் ஜெல் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். தடவிய அரை மணியில் வலி அடங்கிவிட்டது. பக்கத்தில் நடுகிற வானதி கை வலிக்கிறது என்று முனகியபோது, அவளுக்கும் மணிக்கட்டிலும் தோளிலும் தடவிவிட்டாள்.

இருதயம்மாள் எப்போதும் புடவைக்கு மேலே புருஷன் சவரிராஜின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குவாள். சட்டை உரசி மருந்தெல்லாம் துணிக்கே போகிறதே என்று இந்த முறை அதைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். குனிந்தால் ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே ஒரு சாண் இடுப்பு வெயிலுக்குத் திறந்து கிடக்கும். கிடக்கட்டும், மருந்து நன்றாக ஊறும் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் அந்த ஒரு சாண் இடமும் சிவந்து, கொப்புளம் கட்டி, தீயை வைத்தது போல எரிந்தது. நடவுக்கு ஆள் சேர்க்கும் கமலாம்பாள் எட்ட நின்று பார்த்தாள்; அக்கி என்றாள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டாள்.

ஜெல் தடவிய இடத்தில்தான் வந்திருக்கிறது என்று இருதயம்மாள் சவரிராஜிடம் சொன்னாள். வெளிநாட்டு மருந்து அப்படியெல்லாம் செய்யாது என்றான் அவன். எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், அவளும் அக்கி என்றாள். பேசிப் பழகாதவள் இரண்டு பேரிடம் வாயைத் திறந்ததே பெரிது. இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை. குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவியைக் குழைத்து இடுப்பில் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். எரிச்சல் அப்படியே இருந்தது.

காவியைக் கழுவிய பிறகு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்து இடுப்பைப் பார்த்தாள். கொப்புளம் கொசுவத்தின் விளிம்போடு கோடு போட்டது போல நின்றிருந்தது. அதற்குக் கீழேயும் அவள் மருந்து தடவியிருந்தாள். அங்கே ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

மறுநாள் தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த பெண் டாக்டர் ட்யூபை வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"எல்லா ஜெல்லும் இப்படிச் செய்யாதும்மா. இதுல இருக்கற மருந்து மேல வெயில் பட்டா சிலருக்குத் தோல் வெந்துடும். இனிமே தடவாதீங்க. நிறுத்தினாலும் ரெண்டு வாரத்துக்கு அந்த இடத்துல வெயில் படக்கூடாது, துணியால மூடியே வைங்க. உள்ள ஒரு சீட்டு இருந்திருக்குமே, அதுல போட்டிருப்பானே?"

சீட்டு இருந்தது. எறும்புக் கூட்டம் மாதிரி இங்கிலீஷ். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் அதை மடித்து ஆடுகிற பீரோவின் காலுக்கு அண்டை கொடுத்திருந்தாள். ஒரு சூரியனை வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தால் அவளுக்கே புரிந்திருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஆத்திரம் தீரவில்லை.

வீட்டுக்கு வந்தால் சவரிராஜ் வேறொரு சேதி வைத்திருந்தான். வானதிக்கும் வந்துவிட்டதாம். அக்கியைப் பரப்பியவள் இந்தக் குறுவைக்கே வரவேண்டாம் என்று கமலாம்பாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டிக்கொண்டு, ட்யூபை இடுப்பில் செருகி, வயலுக்கு நடந்தாள். மூன்றாவது இடத்தில் யாரோ ஒரு புதுப்பெண் குனிந்திருந்தாள். இருதயம்மாள் டாக்டர் சொன்னதை வரப்பில் நின்றபடியே தட்டுத்தடுமாறிச் சொன்னாள். யாரும் நிமிரவில்லை. வேலையில் இறக்காமல் வரப்பின் கோடியில் தள்ளி உட்கார வைத்திருந்த வானதியிடம் திரும்பினாள்.

"வானதி, உனக்கு எங்க வந்துச்சு?"

"மணிக்கட்டுலக்கா."

"தோள்லயும்தான தடவிவிட்டேன். ரவிக்கைக்குள்ள. அங்க வந்துச்சா?"

வானதி தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இல்லக்கா. அங்க ஒண்ணுமில்ல."

இப்போது எல்லாரும் நிமிர்ந்தார்கள். கமலாம்பாள் வந்து வானதியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருதயம்மாளிடம், இறங்கிக்கொள், ஆனால் கடைசியில் நில், கொஞ்சம் தள்ளியே நில் என்றாள். தப்பு மருந்துடையது என்று தெரிந்த பிறகும் தள்ளித்தான் நிற்க வேண்டியிருந்தது. இருதயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் குனிந்தாள். சட்டைக்குள் வேர்வை கொப்புளத்தில் பட்டு எரிந்தது. மருந்தில்லாத இடுப்பு பழையபடி விண்விண்ணென்று தெறித்தது.

மத்தியானச் சோற்றுக்குக் கரையேறும்போது கமலாம்பாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"ஏன் இருதயம், அந்த ட்யூப்புல மிச்சம் இருக்கா? எனக்கு முட்டி மடக்க முடியல. முட்டியில வெயில் படாதுல்ல?"

"அக்கி பரப்பின என்கிட்டயா மருந்து கேக்கறீங்க, கமலாக்கா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கமலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருதயம்மாள் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மாவக் கேட்டுட்டுத் தடவுங்க. தரேன். என் இடத்துல நான் நின்னப்புறம் தரேன்."

சாப்பிட்டு முடிந்து எல்லாரும் இறங்கியபோது, கமலாம்பாள் ஒரு நாற்று முடியை எடுத்து மூன்றாவது இடத்தில் வீசினாள். புதுப்பெண்ணை மூலைக்குப் போகச் சொன்னாள். இருதயம்மாள் ட்யூபை எடுத்து வரப்பில் வைத்தாள். அவள் வலியை அடக்கிய ஒரே மருந்து, இனி வேறொருத்தியின் முட்டிக்கு. நாற்று முடியின் கட்டை அவிழ்த்துக் குனிந்தாள்.