பலகையில் இல்லாத மலை

கல்யாண மண்டபம் முழுக்க முந்தின நாள் சாம்பார் வாசனை... அதற்கு மேல் புது பெயின்ட் வாசனை. இருபது வருஷம் ஆகியும் மூக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில் அப்போது மியூசியம் ஏது? வெளியூர் மியூசியம் ஒன்று வேனில் கண்காட்சி கொண்டுவந்து அந்த மண்டபத்தில் வைத்தது. கிழக்குத் திமோர் சுதந்திரம் வாங்கிய கதை. காலேஜ் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, குச்சியால் படத்தைத் தொட்டு விளக்குவது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்கே முந்தின நாள்தான் தெரிந்தது. ஆனாலும் வாய் கிழியப் பேசினேன்!

மூன்றாம் நாள், மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மா, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். விடியலிலேயே ஓட்டுப் போட வரிசையில் நிற்கும் திமோர் மக்களின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

கடைசியில் ஒரு பெரிய பலகை. எந்த நாடு எந்த வருஷம் விடுதலை அடைந்தது என்ற பட்டியல். எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, எங்க மலைய காணோம்?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"இந்தியா இருக்குதேம்மா... நாப்பத்தேழு."

"அது உங்களுக்கு, கண்ணு. எங்களுக்கு அப்பவும் ஜாகிர்தாருதான் ராஜா. எங்கப்பாரு கூலி இல்லாம அவுரு மூட்டைய செமந்துகினு மலை ஏறுனவரு. கவர்மென்ட்டு அவுருகிட்டருந்து எங்க மலைய எடுத்தது எழுவத்தாறுல. அன்னிக்கி மூட்டைய கீழ வெச்சிட்டு அழுதாரு பாரு... எழுதும்மா. எங்க மலையும் எழுது."



பலகையில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லியிருந்தார். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது? அந்த அம்மாவோ பஸ்ஸை மறந்து நின்றார்.

ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். கல்வராயன் மலை, 1976.

ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார். பிறகு பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்படி ஒரு கும்பிடு நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

சாயந்திரமே வேலை போனது. போகட்டும்!

இப்போது போனில் திமோர் என்று தட்டினால் வீடியோவோடு வந்து கொட்டுகிறது. அப்போது அந்த வசதி இல்லை, உண்மைதான். ஆனால் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணெதிரே நின்ற மலை அது... அதன் கதையை எனக்குச் சொல்ல, அந்த அம்மாதான் பஸ் ஏறி இறங்கி வரவேண்டியிருந்தது.